வீட்டுத் தயாரிப்பு வானூர்திகளில் பாதுகாப்பு மாற்றங்கள்

வீட்டுத் தயாரிப்பு வானூர்தி என்பது தொழிற்சாலையில் அன்றி, தனி ஒருவராலோ சிறு குழுவினராலோ தமது வீட்டுக் கொட்டகையில் கட்டப்படும் சிறு வானூர்தி ஆகும். உதிரிப்பாகத் தொகுதியை (கிட்) வாங்கிப் பொருத்தியோ, வரைபடங்களை மட்டும் வாங்கி மூலப்பொருள்களில் இருந்தோ இவை கட்டப்படுகின்றன. இவற்றைக் கட்டுவோரும் பின்னாளில் வாங்குவோரும், மூல வடிவமைப்பில் இல்லாத பாதுகாப்புக் கருவிகளையும் கட்டுப்பாட்டு உறுப்புகளையும் தாமே செய்து பொருத்துவது வழக்கம். இத்தகைய மாற்றங்களுள் சில உயிர் காத்துள்ளன. வேறு சில, காக்கும் நோக்குடன் செய்யப்பட்டும் உயிரிழப்புக்கு வழிவகுத்துள்ளன. ஓர் இடரை நீக்கும் மாற்றம் வேறோர் இடத்தில் புதிய இடரை உண்டாக்கக்கூடும் என்பதே இத்துறையின் அடிப்படைப் பாடம் ஆகும்.

வரலாறு

பிரான்சைச் சேர்ந்த என்றி மின்யே 1933 ஆம் ஆண்டு எச்.எம்.14 என்னும் சிறு வானூர்தியை வடிவமைத்துப் பறக்கவிட்டார். "வானத்துப் பேன்" என்ற பொருள்படும் பூ-துய்-சியேல் என்ற பெயரால் இது அறியப்பட்டது. ஆங்கிலத்தில் இதனைப் "பறக்கும் தெள்ளுப்பூச்சி" என்று அழைத்தனர். ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த இரு இறக்கைகளைக் கொண்ட இதில் ஐலரான்கள் இல்லை. முன் இறக்கை முழுவதையும் சாய்த்தே மூக்கை உயர்த்தவும் தாழ்த்தவும் வேண்டும். 1934 இல் மின்யே வெளியிட்ட நூலைப் படித்துப் பலர் இதனைத் தாமே கட்டினர். விரைவில் உயிரிழப்பு விபத்துகள் நிகழ்ந்தன. 1936 இல் பிரித்தானியாவிலும் பிரான்சிலும் முழு அளவு வானூர்தியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தனர். மூக்கு குறிப்பிட்ட அளவுக்குமேல் தாழ்ந்துவிட்டால், கட்டுப்பாட்டுக் கோலை முழுவதும் பின்னால் இழுத்தாலும் வானூர்தி மீளாது என்பது அப்போது தெரியவந்தது. இறக்கைகள் இரண்டும் ஒன்றையொன்று பாதித்ததே இதற்குக் காரணம். பின்னர் வந்த மின்யேயின் வடிவமைப்புகளில் இக்குறை திருத்தப்பட்டது.

ஐக்கிய அமெரிக்காவில் பால் போபெரெஸ்னி 1953 இல் மில்வாக்கி நகரில் சோதனை வானூர்திச் சங்கத்தைத் (ஈ.ஏ.ஏ.) தொடங்கினார். 1970 முதல் இதன் ஆண்டுக் கூடல் விசுக்கான்சின் மாநிலத்தின் ஆசுகோசில் நடைபெறுகிறது. 1970களில் பர்ட் ரூட்டன் வடிவமைத்த வேரி-ஈஸி (1975), லாங்-ஈஸி (1979) ஆகியவை கண்ணாடியிழையால் கட்டப்பட்டு, முன்புறம் சிறு இறக்கையும் பின்புறம் உந்துவிசிறியும் கொண்டிருந்தன. ரிச்சர்டு வான்கிரன்சுவன் தொடங்கிய வான்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி. வரிசை அலுமினியத் தகடுகளைத் தறையாணியால் இணைத்துக் கட்டப்படுவது. இவ்வரிசையில் 11,000க்கும் மேற்பட்ட வானூர்திகள் கட்டி முடிக்கப்பட்டுப் பறந்துள்ளன.

சட்ட நிலை

ஐக்கிய அமெரிக்காவில் இவ்வானூர்திகள் "சோதனை வகை" என்ற பிரிவின்கீழ்ச் சான்றளிக்கப்படுகின்றன. கட்டும் வேலையின் பெரும்பகுதியைத் தொழில்முறையினர் அல்லாதோர், கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருக்க வேண்டும் என்பது விதி. இது பேச்சுவழக்கில் 51 விழுக்காட்டு விதி எனப்படுகிறது. தொழிற்சாலை வானூர்திகளுக்கு உரிய பாதுகாப்பு விதிகளுக்கு இவ்வானூர்தி உட்பட்டதன்று என்ற எச்சரிக்கைப் பலகை, பயணியின் கண்ணில் படும்படி உள்ளே பொருத்தப்பட வேண்டும்.

சான்றளிக்கப்பட்ட தொழிற்சாலை வானூர்தி ஒன்றில் பறப்பைப் பாதிக்கும் மாற்றம் எதையும் செய்ய முன்ஒப்புதல் தேவை. வீட்டுத் தயாரிப்பு வானூர்தியில் மாற்றம் செய்ய உரிமம் பெற்ற தொழில்நுட்பர் கூடத் தேவையில்லை. ஆனால் பெரிய மாற்றம் செய்தபின் அதனைக் கூட்டாட்சி வான்போக்குவரத்து நிர்வாகத்திற்கு (எஃப்.ஏ.ஏ.) அறிவித்து, குறைந்தது 5 மணி நேரம் பயணியின்றிச் சோதனைப் பறப்பு நடத்தி, பதிவேட்டில் குறிக்க வேண்டும்.

பிரித்தானியாவில் நிலைமை வேறானது. அங்கு 1946 இல் தொடங்கி, பின்னர் இலகு வானூர்திச் சங்கம் எனப் பெயர் மாற்றம் பெற்ற அமைப்பின் பொறியியல் பிரிவு மாற்றங்களை ஆராய்ந்து ஒப்புதல் அளிக்கிறது. அமெரிக்க முறை புதுமைக்கு இடம் தருகிறது. பிரித்தானிய முறை இரண்டாவது ஒருவரின் பார்வையைக் கட்டாயமாக்குகிறது.

மாற்றங்களின் வகைகள்

எரிபொருள் அமைப்பு

வீட்டுத் தயாரிப்பு வானூர்திகளில் இயந்திரம் நின்றுபோவதற்கு எரிபொருள் தடைப்படுவது ஒரு முக்கியக் காரணம் ஆகும். இதைத் தவிர்க்கக் கட்டுநர்கள் இரண்டாவது மின்பம்பு, கூடுதல் வடிகட்டி, எரிபொருள் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு முதலியவற்றைச் சேர்க்கின்றனர். இயந்திர அறையில் உள்ள குழாய்களுக்குத் தீத்தாங்கும் உறை இடுவதும் வழக்கம்.

ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு விலை உண்டு. கூடுதல் வடிகட்டி அழுக்கால் அடைபடும் இன்னோர் இடமாகும். வெப்பமான இயந்திரத்தின் அருகே குழாயைக் கொண்டுசென்றால், எரிபொருள் ஆவியாகிக் குமிழிகள் ஓட்டத்தைத் தடுக்கும். எனவே மாற்றத்தின் பின் தரையிலேயே ஓட்டச் சோதனை செய்ய வேண்டும். மேலேறும்போது இருக்கும் கோணத்தில் வானூர்தியின் மூக்கை உயர்த்தி நிறுத்தி, இயந்திரத்திற்குச் செல்லும் குழாயைக் கழற்றி, குறித்த நேரத்தில் வெளிவரும் எரிபொருளை அளப்பதே இச்சோதனை. புவியீர்ப்பால் மட்டும் இறங்கும் அமைப்பில், புறப்பாட்டின்போது இயந்திரத்திற்குத் தேவைப்படும் அளவில் 150 விழுக்காடும், பம்பு உள்ள அமைப்பில் 125 விழுக்காடும் கிடைக்க வேண்டும்.

தீப்பொறியும் மின்சாரமும்

மரபான வானூர்தி இயந்திரத்தில் மேக்னெட்டோ எனும் கருவி, மின்கலத்தின் துணையின்றித் தானே தீப்பொறியை உண்டாக்குகிறது. மின்கலம் செயலிழந்தாலும் இயந்திரம் நிற்பதில்லை. எரிபொருள் சிக்கனத்திற்காகவும் எளிதாக இயக்குவதற்காகவும் பலர் இதனை நீக்கி மின்னணுத் தீப்பொறி அமைப்பைப் பொருத்துகின்றனர். மின்கலத்தை நம்பியே இயங்கும் அமைப்பாயின், அதுவரை விளக்குக்கும் வானொலிக்கும் மட்டும் பயன்பட்ட மின்சுற்று, இயந்திரம் ஓடுவதற்கே இன்றியமையாததாகிவிடுகிறது. இதனால் தனி மின்கலமும், ஒரு பழுதால் இரண்டும் நின்றுவிடாத வகையில் தனி கம்பி வழியும் தேவைப்படுகின்றன. சிலர் ஒரு மேக்னெட்டோவை அப்படியே விட்டு, மற்றொன்றை மட்டும் மாற்றுகின்றனர்.

தூக்குவிசை இழப்பு எச்சரிக்கை

இறக்கையை எதிர்கொள்ளும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலான கோணம் தாக்கு கோணம் எனப்படும். இது ஓர் எல்லையைத் தாண்டினால் காற்றோட்டம் இறக்கையின் மேற்பரப்பை விட்டு விலகி, தூக்குவிசை சட்டெனக் குறையும். இது "ஸ்டால்" எனப்படுகிறது. தரையிறங்கத் திரும்பும் தாழ்ந்த உயரத்தில் இது நேர்ந்தால் மீள்வதற்கு இடமிருக்காது. வேகமானி இதனை நேரடியாகக் காட்டாது. எடை கூடினாலோ கூர்மையாகத் திரும்பினாலோ கூடுதல் வேகத்திலும் இந்நிலை ஏற்படும்.

எனவே தாக்கு கோணத்தையே அளக்கும் கருவிகளைக் கட்டுநர்கள் பயன்படுத்தத் தொடங்கினர். காற்றின் திசைக்கேற்பத் திரும்பும் சிறு தகடும், இரு துளைகளில் உள்ள அழுத்த வேறுபாட்டை அளக்கும் குழாயும் இவற்றின் எளிய வடிவங்கள் ஆகும். 2014 இல் எஃப்.ஏ.ஏ., சிறு தொழிற்சாலை வானூர்திகளிலும் இக்கருவிகளைப் பொருத்துவதற்கான நடைமுறையை எளிதாக்கியது. எனினும் ஒவ்வொரு வானூர்தியிலும் உண்மையான ஸ்டால் நிலைக்குச் சென்று சரிபார்த்து அளவுதிருத்தம் செய்யாத கருவி, தவறான நம்பிக்கையையே தரும்.

கட்டுப்பாட்டு இணைப்புகள்

கட்டுப்பாட்டுக் கோலில் இருந்து ஐலரான், உயர்த்தி, சுக்கான் ஆகியவற்றுக்குத் தள்ளுகோல்களும் கம்பிவடங்களும் செல்கின்றன. இவ்வழியில் ஒரு போல்ட்டு கழன்றாலும் கட்டுப்பாடு போய்விடும். நைலான் வளையம் கொண்ட நட்டு நிலையான மூட்டுக்குப் போதும். ஆனால் போல்ட்டு சுழலக்கூடிய மூட்டில், போல்ட்டின் துளை வழியாகப் பிளவு ஊசி செருகிப் பூட்டும் நட்டையே பயன்படுத்த வேண்டும். தள்ளுகோலின் முனையில் உள்ள தாங்கி தேய்ந்து கழன்றாலும் கோல் நழுவாதபடி அகன்ற வாஷர் ஒன்றை இடுவது, சில நிமிடங்களில் முடியும் சிறந்த பாதுகாப்பு மாற்றம் ஆகும். முறுக்கிய நட்டின்மீது வண்ணக் கோடு இட்டால், பின்னர் அது அசைந்திருப்பின் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும்.

மின்சமன் அமைப்பும் தானோட்டியும்

நீண்ட பறப்பில் கோலை அழுத்திப் பிடித்திருக்கும் களைப்பைக் குறைக்கச் சிறு மின்மோட்டாரால் இயங்கும் சமன் தகடு பொருத்தப்படுகிறது. பொத்தான் ஒட்டிக்கொண்டால் மோட்டார் தகட்டை எல்லைவரை ஓட்டிவிடும். இதற்காக மோட்டாரின் வேகத்தைக் குறைத்து, கைக்கு எட்டும் இடத்தில் தனி நிறுத்தியும் வைப்பர்.

தானோட்டியின் மோட்டாரிலும் இதே எச்சரிக்கை தேவை. அது சிக்கிக்கொண்டால் விமானி தன் கைவலிமையாலேயே அதனை மீறி ஓட்ட முடிய வேண்டும். சில கருவிகளில் இதற்கென மென்மையான பித்தளைத் திருகு ஒன்று உள்ளது. மிகை அழுத்தத்தில் அது முறிந்து கோலை விடுவிக்கும். மோட்டாரின் கை தள்ளுகோலுடன் ஒரே நேர்கோட்டில் வந்து மறுபுறம் மடிந்து பூட்டிக்கொள்ளாதபடி தடுப்புக்கட்டையும் தேவை.

மேல்மூடியும் இருக்கைப் பட்டையும்

புறப்படும்போது கண்ணாடி மேல்மூடி திறந்துகொண்டால், விமானி அதைப் பிடிக்க முனைந்து வானூர்தியின் மீதுள்ள கவனத்தை இழக்கக்கூடும். இதற்காக இரண்டாவது கொக்கியும், மூடி பூட்டப்படாத நிலையில் விசையைக் கூட்டினால் ஒலிக்கும் மணியும் பொருத்தப்படுகின்றன. தோள்பட்டைப் பட்டையின் பின்முனை தோளுக்கு மிகத் தாழ்வாக இணைக்கப்பட்டால், மோதலின்போது அது முதுகெலும்பைக் கீழ்நோக்கி நசுக்கும். எனவே இணைக்கும் இடமும் பட்டையைப் போலவே முக்கியமானது. வானூர்தி கவிழ்ந்தால் உடைத்து வெளியேறச் சிலர் சிறு சுத்தியலை உள்ளே வைத்திருப்பர்.

முழு வானூர்திப் பாராசூட்டு

1975 இல் தொங்கு மிதவூர்தியில் இருந்து விழுந்து உயிர்பிழைத்த போரிஸ் போபோவ், 1980 இல் பி.ஆர்.எஸ். நிறுவனத்தைத் தொடங்கினார். சிறு ஏவுகணை ஒன்று பாராசூட்டை வெளியே இழுத்து விரிக்க, வானூர்தி முழுவதும் அதில் தொங்கியபடி இறங்கும். 1983 இல் இது முதன்முதலாக ஓர் உயிரைக் காத்தது. இதுவரை 400க்கும் மேற்பட்டோர் காக்கப்பட்டுள்ளதாக அந்நிறுவனம் கணக்கிடுகிறது. 1980களில் வி.கே.-30 என்னும் கிட் வானூர்தியுடன் தொடங்கிய சிர்ரஸ் நிறுவனம், 1998 இல் சான்று பெற்ற தனது எஸ்.ஆர்.20 வானூர்தியில் இதனை நிலையான உறுப்பாகவே சேர்த்தது. அந்நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஆலன் கிளாப்மையர், 1985 இல் நடுவானில் நிகழ்ந்த மோதலில் தப்பியவர் ஆவார்.

இதனைப் பின்னாளில் பொருத்துவோர், தாங்கு பட்டைகள் சட்டத்தின் வலுவான இடத்தில் இணைந்துள்ளனவா என்றும், கூடுதல் எடையால் ஈர்ப்பு மையம் நகர்ந்துள்ளதா என்றும் கணக்கிட வேண்டும். விபத்துக்குப்பின் வெடிக்காமல் எஞ்சிய ஏவுகணை மீட்புப் பணியாளர்களுக்கு ஆபத்தானது. எனவே வெளிப்புறத்தில் எச்சரிக்கை ஒட்டுதல் அவசியம்.

படபடப்பு அதிர்வு

கட்டுப்பாட்டுப் பரப்புகளில் செய்யும் சிறு மாற்றமும் பெருங்கேட்டை விளைவிக்கலாம் என்பதற்குப் படபடப்பு (ஃபிளட்டர்) சான்றாகும். குறிப்பிட்ட வேகத்திற்கு மேல், காற்றின் விசையும் பரப்பின் நெகிழ்வும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்க, ஐலரானோ உயர்த்தியோ கட்டுக்கடங்காமல் அதிரும். சில நொடிகளில் அது முறிந்து போகலாம். இதைத் தடுக்கவே பல வடிவமைப்புகளில் கீலுக்கு முன்புறம் ஈய எடை வைத்துப் பரப்பு சமன்செய்யப்படுகிறது.

சமன்செய்த பின்னர் பூசும் கனமான வண்ணம், பின்விளிம்பில் இடும் நிரப்புப் பசை, புதிதாகச் சேர்க்கும் சமன் தகடு ஆகிய அனைத்தும் கீலுக்குப் பின்புறம் எடையைக் கூட்டுகின்றன. எனவே வண்ணம் பூசிய பின்னர் மீண்டும் எடை சமனைப் பார்க்க வேண்டும். பரிந்துரைத்ததைவிட வலிமையான இயந்திரத்தைப் பொருத்துவதும் இவ்வகை இடரே. மேலே காற்று அடர்த்தி குறைவதால், வேகமானி காட்டுவதைவிட உண்மை வேகம் அதிகம். இதனால் வேகமானியின் முள் எல்லைக்குள் இருக்கையிலேயே வானூர்தி ஆபத்தான வேகத்தை எட்டிவிடலாம்.

வடிவமைப்பாளரே செய்த நல்ல மாற்றத்திற்கு எடுத்துக்காட்டாக லாங்-ஈஸியின் முன்னிறக்கையைக் கூறலாம். முதலில் பயன்படுத்திய வெட்டுமுகத்தில் மழைத்துளிகள் படிந்தால் தூக்குவிசை குறைந்து மூக்கு தாழ முற்பட்டது. 1980களில் ஜான் ரோன்ஸ் வடிவமைத்த புதிய வெட்டுமுகம் இக்குறையைப் போக்கியது. கணக்கிட்டு, பறந்து சோதித்த பின்னரே அது கட்டுநர்களுக்கு வழங்கப்பட்டது.

1997 மாண்டெரே விபத்து

1997 அக்டோபர் 12 அன்று அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர், கலிபோர்னியாவின் பசிபிக் குரோவ் அருகே மாண்டெரே குடாவில் தன் லாங்-ஈஸி வானூர்தி வீழ்ந்து உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 53. 2,700 மணி நேரத்திற்கும் மேல் பறந்த அனுபவம் கொண்ட அவர், வேறொருவர் கட்டிய அவ்வானூர்தியை அண்மையில்தான் வாங்கியிருந்தார். முந்தைய நாள்தான் அதில் சுமார் அரைமணி நேரம் பழகுபறப்பு மேற்கொண்டிருந்தார்.

ரூட்டனின் வரைபடத்தின்படி, இடது, வலது தொட்டிகளுக்கு இடையே மாற்றும் எரிபொருள் திருப்பி விமானியின் கால்களுக்கு இடையே அமைய வேண்டும். விமானி அறைக்குள் எரிபொருள் குழாய் வருவதை இவ்வானூர்தியைக் கட்டியவர் விரும்பவில்லை. எனவே அவர் திருப்பியை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்தார். தீ விபத்தைத் தவிர்க்கும் வகையில் இது பொருள் பொதிந்த மாற்றமே ஆகும். ஆனால் அதன் கைப்பிடியைத் திருப்ப, வலப்புறம் உள்ள கட்டுப்பாட்டுக் கோலை விட்டுவிட்டு, உடலை இடப்புறம் முழுவதும் திருப்பி, வலக்கையைத் தோளுக்கு மேலாக நீட்ட வேண்டியிருந்தது. எந்த நிலை எந்தத் தொட்டிக்குரியது என்ற குறியீடும் அதில் இல்லை. எரிபொருள் அளவுகாட்டிக் குழாய்களிலும் அளவுக் கோடுகள் இடப்படவில்லை.

விபத்தன்று புறப்படும் முன்னரே கைப்பிடியை எட்டுவது கடினமாக இருந்தது தெரிந்திருந்தது. எரிபொருளும் குறைவாகவே இருந்தது. எனினும் குறுகிய பறப்பே என்பதால் நிரப்பப்படவில்லை. ஆய்வாளர்கள் தரையில் நின்ற இதே வகை வானூர்தியில் அமர்ந்து பார்த்தபோது, பின்னால் திரும்பும் ஒருவர் உடலைத் தாங்க இயல்பாகவே வலக்காலால் சுக்கான் மிதியை அழுத்துவதைக் கண்டனர்.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முடிவும் இதுவே. கைப்பிடியைத் திருப்ப முயன்றபோது விமானியின் கவனம் சிதறி, வலது சுக்கான் தன்னறியாமல் அழுத்தப்பட்டுக் கட்டுப்பாடு இழக்கப்பட்டது என வாரியம் கூறியது. எரிபொருள் நிரப்பாமை, கைப்பிடியைக் கடினமான இடத்தில் குறியீடின்றி வைத்த கட்டுநரின் முடிவு, குறியீடற்ற அளவுகாட்டிகள், போதாத பழகுபயிற்சி ஆகியவையும் காரணங்களாகப் பதிவாயின. கட்டியவர் அறிந்திருந்ததை வாங்கியவர் அறிந்திருக்கவில்லை.

சோதனையும் பதிவும்

புதிதாகக் கட்டிய வானூர்தி முதற்கட்டமாக வரையறுத்த பகுதிக்குள் பறந்து தன்னை மெய்ப்பிக்க வேண்டும். சான்று பெற்ற இயந்திரமும் உந்துவிசிறியும் உடையதற்கு 25 மணி நேரமும், ஏனையவற்றுக்கு 40 மணி நேரமும் வழமையாக விதிக்கப்பட்டன. மணிக்கணக்குக்கு மாற்றாக, செய்துமுடிக்க வேண்டிய பணிகளின் பட்டியலைக் கொண்ட திட்டமும் பின்னர் ஏற்கப்பட்டது. மாற்றம் செய்வோருக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். பொதுவாகப் பின்வரும் படிகள் பரிந்துரைக்கப்படுகின்றன:

1. மாற்றத்தின் நோக்கத்தையும், அது செயலிழந்தால் நேரக்கூடியதையும் எழுதிவைத்தல்.
2. மூல வடிவமைப்பாளரின் கருத்தையும், இதே மாற்றத்தைச் செய்த பிறரின் பட்டறிவையும் கேட்டறிதல்.
3. எடையையும் ஈர்ப்பு மையத்தையும் மீண்டும் அளத்தல்.
4. இருக்கைப் பட்டையை இறுக்கிக்கொண்டு அமர்ந்து, கண்ணை மூடியபடி ஒவ்வொரு கைப்பிடியையும் எட்ட முடிகிறதா என்று பார்த்தல்.
5. கட்டாத ஒருவரைக் கொண்டு இணைப்புகளைச் சரிபார்த்தல்.
6. ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து பறந்து சோதித்தல்.
7. குறியீடுகளை எழுதி, பதிவேட்டிலும் கையேட்டிலும் சேர்த்தல்.

புள்ளிவிவரங்கள்

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், ஈ.ஏ.ஏ.யின் ஒத்துழைப்புடன் செய்த ஆய்வை 2012 இல் வெளியிட்டது. ஐக்கிய அமெரிக்காவின் பொது வான்போக்குவரத்து வானூர்திகளில் ஏறத்தாழ 10 விழுக்காடே வீட்டுத் தயாரிப்புகள். எனினும் 2011 இல் அத்துறையின் விபத்துகளில் சுமார் 15 விழுக்காடும், உயிரிழப்பு விபத்துகளில் சுமார் 21 விழுக்காடும் இவற்றால் நேர்ந்தன. இயந்திரம் செயலிழத்தலும் பறப்பில் கட்டுப்பாட்டை இழத்தலுமே முதன்மைக் காரணங்கள். ஆய்வுக்கு உட்பட்ட விபத்துகளில் பாதிக்கும் மேற்பட்டவை, கட்டியவரிடம் இருந்து பிறர் வாங்கிய வானூர்திகளில் நிகழ்ந்தன. எரிபொருள் அமைப்பைச் சோதித்துப் பதிவுசெய்தல், புதிய உரிமையாளருக்குப் பழகுபயிற்சி அளித்தல் ஆகியவற்றை வாரியம் வலியுறுத்தியது.

முக்கியத்துவம்

வீட்டுத் தயாரிப்பு வானூர்திகளில் முதலில் பயன்பட்ட சில கருவிகள் பின்னர் பிற வானூர்திகளுக்கும் சென்றன. இவ்வகை வானூர்திகளுக்கென விற்கப்பட்ட டைனான் டி10ஏ மின்னணுக் கருவியைக் குறிப்பிட்ட தொழிற்சாலை வானூர்திகளில் பொருத்த, ஈ.ஏ.ஏ. 2016 இல் ஒப்புதல் பெற்றது. கட்டுநரின் உரிமை இவ்வாறு பொதுநலனாகவும் மாறுகிறது. எனினும் அவ்வுரிமையுடன், சோதிப்பதும் எழுதிவைப்பதுமான கடமை சேர்ந்தே வருகிறது. வானூர்தி அதனைக் கட்டியவரின் கையைவிட்டுப் பல உரிமையாளர்களிடம் செல்லக்கூடியது. அப்போது கட்டியவரின் நினைவில் மட்டும் இருக்கும் விளக்கம் அதனுடன் செல்வதில்லை. கைப்பிடியின்மேல் எழுதப்பட்ட குறியீடே செல்கிறது.